முதல் சர்ஃப் பலகை: எடைக்கேற்ற லிட்டரைப் பாருங்கள்

பலகைமேல் நின்று கடலலையில் சறுக்கும் சர்ஃபிங்கைக் கற்றுக்கொள்ள வருபவர்களுக்குத் துணையாக இடுப்பளவு நீரில் நிற்பது என் வழக்கம். முதல் பலகை தவறாக அமைந்ததால் ஆர்வம் இழந்து திரும்பியவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். வாங்க இருப்பவர்களுக்கு உதவும் என்பதால் ஓர் அனுபவத்தை எழுதுகிறேன்.

எழுபது கிலோவைத் தாண்டிய, நன்றாக நீந்தத் தெரிந்த இளைஞர் ஒருவர் ஆறடிப் பலகையுடன் வந்தார். கூரிய முனையும் மெல்லிய விளிம்புகளும் கொண்ட, போட்டி வீரர்கள் பயன்படுத்தும் வகை அது. அவர் அதன்மேல் குப்புறப் படுத்ததும் பலகை முழுவதும் அமிழ்ந்து, தண்ணீர் அவருடைய மார்பைத் தொட்டது. கைகளைத் துடுப்புப் போல எவ்வளவு வேகமாக வலித்தாலும் ஒவ்வோர் அலையும் அவருக்கு அடியில் நழுவிக் கரைக்குப் போய்விட்டது. முயற்சியில் குறையே இல்லை. கரையில் இருந்த எட்டடி ஃபோம் (மென்மையான நுரைப்பொருள்) பலகையை மாற்றிக் கொடுத்தோம். அதே கடல், அதே அலைதான். ஆனால் சற்று நேரத்தில் நுரையலையில் படுத்தபடியே கரைவரை வந்தார், பிறகு முழங்காலிட்டு வந்தார், அன்றே எழுந்தும் நின்றார்.

இதற்குக் காரணம் எளியது. ஒரு மீட்டர் ஆழமுள்ள நீரில் அலை நொடிக்கு ஏறத்தாழ 3 மீட்டர் நகர்கிறது. புதியவர் கைகளை வலித்து மட்டும் அந்த வேகத்தை எட்ட முடியாது. மீதியை அலையின் சரிவுதான் தர வேண்டும். நீர்மட்டத்தில் நன்றாக மிதக்கும், நீளமான, அதிகம் வளையாத பலகை சிறிய சரிவிலேயே வழுக்கத் தொடங்கிவிடும். பாதி அமிழ்ந்த பலகையோ தண்ணீரைத் தள்ளுவதிலேயே உங்கள் வலிமையைத் தீர்த்துவிடும்.

ஆகவே நிறத்தையும் வடிவத்தையும் பார்ப்பதற்கு முன், பலகையின் கன அளவு எத்தனை லிட்டர் என்று கேளுங்கள்; பெரும்பாலும் பலகையிலேயே அச்சிட்டிருப்பார்கள். ஆறடிப் போட்டிப் பலகை சுமார் 30 லிட்டர்தான் இருக்கும். எட்டடி ஃபோம் பலகை 80 லிட்டரை ஒட்டி வரும். உங்கள் எடை எத்தனை கிலோவோ அதற்குக் குறையாத லிட்டர் என்பது புதியவர்களுக்கு நம்பகமான கணக்கு. அகலம் 22 அங்குலமும் தடிமன் 3 அங்குலமும் இருந்தால் எழுந்து நிற்கும்போது பக்கவாட்டு ஆட்டம் வெகுவாகக் குறையும். எடை குறைந்தவர்களுக்கும் சிறுவர்களுக்கும் ஏழடியே போதும், ஏனெனில் காற்று வீசும் கரையில் தூக்கி நடக்க முடியாத பலகை வீட்டிலேயே தங்கிவிடும்.

மறுமொழி:

மேலே எழுதியிருப்பதை முழுமையாக ஏற்கிறேன். பாதுகாப்பையும் சேர்த்துக்கொள்ள விரும்புகிறேன். என்னுடன் பயின்ற பெண்மணி ஒருவர் விழுந்து எழுந்த நொடியில் அவருடைய பலகை அலையோடு திரும்பி வந்து தோளில் மோதியது. மேற்பரப்பு மென்மையான ஃபோம், பலகையின் அடியில் மீன் துடுப்பு போல இருக்கும் ஃபின்கள் வளையும் ரப்பர் வகை என்பதால் சிராய்ப்புகூட இல்லை. கண்ணாடியிழைப் பலகையாக இருந்திருந்தால் நிச்சயமாகக் காயம்பட்டிருக்கும். விழுந்தவுடன் தலையைக் கைகளால் மூடியபடி மேலே வாருங்கள். பலகையோடு இணைத்துக் கணுக்காலில் கட்டும் கயிறான லீஷ் பலகையின் நீளத்துக்கு இணையாக இருக்கட்டும்.

மறுமொழி:

பழைய பலகை வாங்குபவர்களுக்காக எழுதுகிறேன். நண்பர் ஒருவருக்காக இரண்டு பலகைகளைப் பார்க்கப் போயிருந்தோம். முதலாவது கண்ணாடியிழைப் பலகை, தோற்றத்தில் புதிது போலவே இருந்தது. மேற்பரப்பைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே வந்தபோது, நிற்கும் இடத்தில் விரல் உள்ளே போய், மெல்லிய நொறுங்கும் ஓசை கேட்டது. அங்கே மேலுறை உள்ளிருக்கும் ஃபோமை விட்டுப் பிரிந்திருந்தது. ஃபின் பொருத்தும் இடத்தில் மயிரிழை போன்ற விரிசலும், அதைச் சுற்றிப் பழுப்பேறிய கறையும் இருந்தன. தண்ணீர் உள்ளே புகுந்ததற்கு அதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டியதில்லை.

இரண்டாவது, நிறம் மங்கிய ஃபோம் பலகை. மேலே கீறல்கள் நிறைய இருந்தாலும், ஓரத் தையல் எங்கும் பிரியவில்லை, நடுவில் மடிப்பு விழவில்லை, தூக்கிப் பார்த்தபோது அளவுக்கு மீறிய கனமும் தெரியவில்லை. நண்பர் அதைத்தான் வாங்கினார், இன்றும் அதில்தான் பழகுகிறார். அதோடு வந்த லீஷ் மட்டும் வெயிலில் விறைத்து, கணுக்கால் பட்டை பிடிப்பிழந்து போயிருந்தது. அதைப் பயன்படுத்தாமல் புதியது வாங்கிய பிறகே நீரில் இறங்கினார்.