நிலா நீலம்னு யாருங்க சொன்னது?

நொய்யல் வயர்மேன்: நேற்று நம் மீன் தொட்டிக் குழுவில் பவானி கப்பி புது ஆட்களுக்கு ஒரு பாடம் எடுத்திருந்தார். "நிலா வெளிச்சம் நீலம். அதனால் ராத்திரி தொட்டியில் வெள்ளை விளக்கு அணைந்ததும் நீல எல்இடியைப் பத்து சதவீதத்தில் விடிய விடிய எரிய விடுங்க, அதுதான் இயற்கை" என்று. அதற்குக் கீழே வரிசையாக நன்றி வேறு. படித்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. நிலாவுக்கு ஏதுங்க சொந்த வெளிச்சம்? வெயில் பட்டுத் திரும்பி வருவதுதான். நிலா மண்ணு நீலத்தைவிடச் சிவப்பைத்தான் கொஞ்சம் கூடுதலாகத் திருப்பி விடும். வெளிச்சத்தின் நிறத்தை அளந்தால் 4100 கெல்வின் பக்கம் வரும், வெயிலைவிட ஒரு சுற்று மஞ்சள். தைப்பூசத்துக்கு நிலாச்சோறு சாப்பிட்டவங்கதானே நாமெல்லாம்? தயிர்சோறு நீலமாகவா இருந்துச்சு?

பவானி கப்பி: வாங்கண்ணா, இன்னும் காணோமேன்னு பார்த்தேன். கடையில் விற்கிற விளக்கில் நிலாப் படம் போட்ட பட்டனை அமுக்கினால் நீலம்தான் எரிகிறது. அதைச் செய்தவங்க எல்லாரும் முட்டாள், மோட்டார் ரூமில் உட்கார்ந்திருக்கிற நீங்க மட்டும் விவரம். சரிங்க.

நொய்யல் வயர்மேன்: பட்டனில் மயில் படம் போட்டிருந்தால் விளக்கு அகவுமா? மங்கலில் நம் கண் வேறு மாதிரி வேலை செய்கிறது. பகலில் 555 நானோமீட்டர் அலைநீளப் பச்சையில் கூர்மை, இருட்டில் 507க்கு, அதாவது நீலப் பக்கமாக, நகர்ந்துவிடும். புர்கின்யே விளைவு என்று பெயர். அது உங்க கண் செய்கிற வேலை, நிலாவின் நிறம் இல்லை. நிலா நீலம் இல்லை.

பவானி கப்பி: அப்போ மீனுக்குக் கண்ணே இல்லீங்களா? அதற்கும் அப்படித்தானே தெரியும்? தெரிகிறபடிதானே வைக்கணும்?

நொய்யல் வயர்மேன்: மீனுக்குக் கண் இருக்கிறது. அதனால்தான் வெள்ளையைக் கொடுத்தால் அதன் கண்ணே மாற்றிக்கொள்ளும். நீங்க ஏற்கெனவே நீலத்தைக் கொடுத்தால் இரண்டு தரம் மாற்றின கணக்கு. சட்டைக்கு நீலம் போட்டுவிட்டு நீலக் கண்ணாடியும் மாட்டிப் பார்ப்பீங்களா?

சூலூர் புதுத்தொட்டி: அண்ணா, ஒரு சந்தேகம். டைமரில் பன்னிரண்டு மணி நேரம் போட்டிருக்கிறேன், கண்ணாடி பூரா பச்சைப் பாசி. நிலா இல்லாமல் பகலுக்கு மட்டும் எவ்வளவு வைக்கலாம்?

பொள்ளாச்சி டெட்ரா: தம்பி, ஆறு மணி நேரத்தில் ஆரம்பிங்க. செடி நன்றாகப் பிடித்தால் எட்டுக்குப் போங்க. அப்புறம் இந்த நிறச் சண்டைக்கு: இரண்டு பேரும் அளவை மறந்துட்டீங்க. பௌர்ணமி உச்சியில் நின்றாலே வெளிச்ச அளவு கால் லக்ஸ்தான். வெயில் ஒரு லட்சம் லக்ஸ். தொட்டியில் விளக்கு முழுசாக எரியும்போது 5000 லக்ஸ் என்று வையுங்க. பத்து சதவீதம் என்றால் 500 லக்ஸ். அது நிலாவா? ஆபீஸ் மேசை வெளிச்சம். விளக்கை ஓட்டுகிற சின்ன நானோ போர்டில் சாதா எட்டு பிட் பிடபிள்யூஎம்மில், அதாவது வேகமாக எரித்து அணைத்து மங்கலாக்குகிற முறையில், கடைசிப் படி 255இல் ஒன்று. அதுவே கிட்டத்தட்ட 20 லக்ஸ், பௌர்ணமி மாதிரி எண்பது மடங்கு. ஈஎஸ்பி32 போர்டில் பதின்மூன்று பிட் வைத்தால் 8192 படி, அப்பவும் 0.6 லக்ஸ். பேசாமல் ஒரே ஒரு சின்ன எல்இடியைப் பெரிய ரெசிஸ்டரோடு தனியாக மாட்டுங்க.

நொய்யல் வயர்மேன்: கணக்கு சரி. ஆனால் அந்தச் சின்ன எல்இடி என்ன நிறம் என்று சொல்லவில்லையே? அதுதானே கேள்வி.

பொள்ளாச்சி டெட்ரா: கால் லக்ஸில் எந்த நிறமானால் என்னங்க?

நொய்யல் வயர்மேன்: அப்படிச் சொல்லித்தான் ஊரே நீலமாகிவிட்டது. இந்த நீலப் பழக்கம் கடல் தொட்டிக்காரங்க கொண்டுவந்தது. கடலில் ஆழம் போகப் போகச் சிவப்பு முதலில் செத்துவிடும், நீலம்தான் கீழே இறங்கும். அங்கே நியாயம் உண்டு. உங்க டெட்ரா மீன் எங்கிருந்து வந்தது? அமேசான் காட்டு ஓடை. இலை ஊறிக் கடுங்காப்பி நிறத்தில் தண்ணீர். அந்தக் கறை முதலில் குடிக்கிறதே நீலத்தைத்தான்.

பவானி கப்பி: பவளம் பௌர்ணமி கழிந்த சில நாளில் ஒரே ராத்திரியில் முட்டை விடுகிறதே, ஆஸ்திரேலியாப் பக்கம். நிலாவெளிச்சத்து நீலத்தை உணர்கிற புரதம் அதன் உடம்பில் இருக்கு என்று 2007லேயே கண்டுபிடிச்சாங்க. நீலமே இல்லாத நிலாவில் எதை உணருதுங்களாம்?

நொய்யல் வயர்மேன்: வெள்ளைக்குள் நீலமும் இருக்கும் தம்பி, அதற்காக வெள்ளை நீலம் ஆகிவிடாது. சாம்பாரில் உப்பு இருக்கிறது, சாம்பாரை உப்பு என்பீங்களா? அதுபோக உங்க வீட்டில் என்ன பவளமா இருக்கு? கப்பி மீன். அது முட்டை விடாது, குட்டி போடும்.

கோபி அம்மிணி: எனக்கு நிறமே வேண்டாம். பவானிக்காரரே, உங்க நிலா தேய்கிறதும் வளர்கிறதும் எப்படி ஓட்டுறீங்க?

பவானி கப்பி: நன்றி அம்மிணி, ஒருத்தராவது உருப்படியாகக் கேட்டீங்க. முப்பது நாள் ஒரு சுற்று. ஒன்றில் இருந்து பதினைந்து வரை ஏறும், அப்புறம் இறங்கும். டிஎஸ்3231 கடிகாரச் சில்லு, பட்டன் செல். பராமரிப்புன்னு பகல் முழுக்கக் கரண்ட் போனாலும் தேதி மறக்காது. இரண்டரை வருடமாகக் கை வைத்ததே இல்லை.

கோபி அம்மிணி: நிலாச் சுற்று 29.53 நாளுங்க. நீங்க முப்பது போட்டால் மாதம் அரை நாள் தள்ளும். இரண்டரை வருடத்தில் முப்பத்தோரு சுற்று, பதினாலு நாளுக்கு மேல் ஆச்சு. ஆடி அமாவாசைக்குக் கூடுதுறையில் தர்ப்பணம் கொடுத்துட்டு வீட்டுக்கு வந்தால் உங்க தொட்டியில் பௌர்ணமி.

நொய்யல் வயர்மேன்: சிரித்துச் சிரித்து வீட்டுக்காரம்மா எட்டிப் பார்த்துட்டுப் போகுது. அமாவாசையில் பௌர்ணமி, அதுவும் நீலப் பௌர்ணமி!

பவானி கப்பி: மீன் என்ன பஞ்சாங்கமா பார்க்குது? சரி, இவ்வளவு பேசுறவர் போன வருடம் எனக்கு ஏஞ்சல் மீன் ஜோடி கொடுத்தாரே, அதைச் சொல்லட்டும். 600 ரூபாய். முட்டை விட்டது, மூன்றாம் நாள் அத்தனையும் வெள்ளையாகிப் பஞ்சு பிடித்தது. நாலு தரம். இரண்டும் பெண்.

நொய்யல் வயர்மேன்: ஏஞ்சலில் ஆண் பெண் முட்டை விடும்வரை எவனுக்கும் தெரியாது. சேர்ந்து சுற்றியது, ஜோடி என்று கொடுத்தேன். விடிய விடிய நீல விளக்குப் போட்டால் எது பொரியும்?

பவானி கப்பி: ராத்திரி சின்ன வெளிச்சம் இருந்தால்தான் தாய் முட்டையைக் காக்கும், விளக்கை அணைக்காதீங்க என்று சொன்னதே நீங்கதானுங்க! பழைய மெசேஜ் இருக்கு, எடுக்கட்டுமா?

நொய்யல் வயர்மேன்: எடுங்க. அதில் நீலம் என்று எழுதியிருக்கிறேனா பாருங்க.

கோபி அம்மிணி: வெளிச்சம் கிடக்கட்டும், திருப்பூர் போர் தண்ணியில் வளர்ந்த ஏஞ்சல் வேறெப்படிங்க முட்டை விடும்? கல்லு மாதிரித் தண்ணி.

கோவை சிறுவாணி: அதைச் சொல்லுங்க. எங்க சிறுவாணித் தண்ணியில் ஏஞ்சல் குட்டி ஆயிரக்கணக்கில். விளக்கே வேண்டியதில்லை.

நொய்யல் வயர்மேன்: வந்துட்டார் சிறுவாணி. ஏனுங்க, எந்தப் பேச்சு எடுத்தாலும் சிறுவாணியா? கோயமுத்தூரில் பாதிப் பேருக்கு வருவது பில்லூர் தண்ணி. உங்க தெருவுக்கு எது வருது, முதலில் அதைச் சொல்லுங்க.

கோவை சிறுவாணி: எங்களுக்குச் சிறுவாணிதான். வடவள்ளி.

பொள்ளாச்சி டெட்ரா: நான் லக்ஸ் கணக்குச் சொல்லி எத்தனை நேரம் ஆச்சு. ஒருத்தர்கூட எதிர்க் கணக்குப் போடவில்லை. இனி இந்தப் பக்கம் வந்தால் கேளுங்க.

சூலூர் புதுத்தொட்டி: அண்ணா, அந்த ஆறு மணி நேரத்தைத் தொடர்ந்து வைக்கணுமா, காலை மாலை என்று பிரிக்கலாமா?

நொய்யல் வயர்மேன்: தம்பி, பிரிக்கிறதெல்லாம் அப்புறம். முதலில் உங்க விளக்கில் நீலம் இருந்தால் அந்த வயரைக் கழற்றுங்க. பவானிக்காரரே, மெசேஜ் எங்கே?

பவானி கப்பி: தேடிட்டு இருக்கேன். 600 ரூபாய் எங்கே?