ஆட்டோமேட்டிக் வண்டியின் மீட்டர் மேனுவல் வண்டியில் ஓடுமா?

தங்கச்சிமடம்_டாக்ஸி:

வணக்கம். என் வண்டி 2015 செலேரியோ, பெட்ரோல், மேனுவல். தங்கச்சிமடத்தில் வைத்து டாக்ஸி ஓட்டுகிறேன், ராமேஸ்வரம் கோயிலுக்கு வருகிறவர்களை அரிச்சல்முனை வரை கூட்டிப்போய் வருவதுதான் பாதி வேலை. வண்டியைக் குறை சொல்லவில்லை, இத்தனை வருடமும் கடலுக்குப் பக்கத்தில் வெட்டவெளியில்தான் நிற்கிறது. ஒரு மாதமாக மீட்டர் போர்டு படுத்துகிறது. பாம்பன் பாலத்தில் ஒவ்வொரு இணைப்பிலும் வண்டி தடக்கென்று ஏறி இறங்கும்போது முள் பூஜ்யத்துக்கு விழுகிறது, பெட்ரோல் அளவும் கி.மீ. எண்ணும் அணைந்துபோய், ரெண்டு நொடி கழித்துத் திரும்ப வருகிறது. மதுரை ஏர்போர்ட் ட்ரிப் எல்லாம் கி.மீ. கணக்கில்தான் காசு, அதனால் இப்படியே விட முடியாது.

மதுரையில் ஒரு காயலான் கடையில் இதே மாடலின் மீட்டர் இருக்கிறது, 1,800 ரூபாய் சொல்கிறார். ஆனால் அது ஆட்டோமேட்டிக் வண்டியில் கழற்றியது. வயர்கள் வந்து மாட்டுகிற கப்ளர் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கிறது. வாங்கி மாட்டலாமா? மாட்டினால் கி.மீ. என்ன காட்டும்?

மண்டபம்_வயரிங்:

தம்பி, காசு கொடுப்பதற்கு முன்னால் ஒன்றைக் கவனியுங்கள். வேகம் காட்டும் முள் மட்டும் விழுந்தால் சென்சாரையோ அதன் வயரையோ சந்தேகப்படலாம். உங்களுக்கு எல்லாம் ஒன்றாக அணைந்து ஒன்றாக வருகிறது. அப்படியென்றால் மீட்டருக்குப் போகிற கரண்டோ எர்த்தோ கப்ளரோதான் விட்டுவிட்டுப் பிடிக்கிறது. நம் கரையில் நான் கழற்றுகிற பத்து மீட்டரில் பாதிக்கு மேல் கப்ளர் பின்னில் பச்சைக் களிம்புதான். அரிச்சல்முனை ரோட்டில் ரெண்டு பக்கமும் கடல், கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டினால் கச்சான் காற்று உப்பை டேஷ்போர்டுக்குள்ளேயே கொண்டுபோய் வைக்கும்.

இனி உங்கள் கேள்வி. செலேரியோவில் வருகிற ஆட்டோமேட்டிக், ஏஎம்டி. 2014-ல் இந்தியாவில் முதலில் ஏஎம்டியோடு வந்த கார் அதுதான். உள்ளே இருப்பது மேனுவல் கியர்பாக்ஸேதான், கிளட்ச் அமுக்குவதையும் கியர் மாற்றுவதையும் நம் காலுக்கும் கைக்கும் பதிலாக ஒரு கருவி செய்கிறது. அதனால் வேகக் கணக்கு பெரிதாக மாறாது. சிவிடி, டார்க் கன்வெர்ட்டர் என்று வேறு வகை ஆட்டோமேட்டிக் வண்டிகளில் அப்படி நம்பக் கூடாது, அங்கே கியர்பாக்ஸே வேறு. பழைய ஜப்பான் கார்களில் ஸ்பீடோ கேபிள் ஒரு கி.மீ.க்கு 637 சுற்று சுற்ற வேண்டும் என்று ஒரு கணக்கு உண்டு, சென்சார் வந்தபிறகு சுற்றுக்கு நாலு பல்ஸ் (மின் துடிப்பு) என்று 2,548 ஆனது. மீட்டர் எதிர்பார்க்கிற பல்ஸும் வண்டி அனுப்புகிற பல்ஸும் ஒத்துப்போகாவிட்டால் 60-ல் போகிற வண்டி 45 காட்டும்.

ஏஎம்டி மீட்டரில் கியர் எண்ணும் R (ரிவர்ஸ்), N (நியூட்ரல்), D (டிரைவ்), M (மேனுவல்) எழுத்தும் காட்ட ஓர் இடம் இருக்கும். கியரைப் பார்த்துக்கொள்கிற கம்ப்யூட்டர்தான் அதற்குத் தகவல் அனுப்பும். உங்கள் மேனுவலில் அந்தக் கம்ப்யூட்டரே கிடையாது. அந்த இடம் காலியாக இருந்தால் நல்லது. சில மீட்டர்கள் தகவல் வரவில்லை என்று கியர் வார்னிங் விளக்கைப் போட்டு வைத்துக்கொள்ளும், அப்புறம் அதை அணைக்கவே முடியாது. கப்ளர் ஒன்றுபோல இருப்பதை நம்பாதீர்கள், பின்பக்க ஸ்டிக்கரில் இருக்கிற பார்ட் நம்பரைப் பாருங்கள்.

கி.மீ. எண் பெரும்பாலும் மீட்டர் போர்டிலேயே எட்டுக்கால் மெமரி சிப் ஒன்றில் இருக்கும், சில வண்டிகளில் பிராசஸருக்கு உள்ளேயே இருக்கும். வேறு மீட்டரை மாட்டினால் அந்த வண்டி ஓடிய கி.மீ.தான் வரும். உங்கள் சிப்பில் இருப்பதைப் படித்துப் புதியதில் ஏற்றலாம், ரெண்டும் ஒரே பார்ட் நம்பராக இருந்தால் பிரச்சினை வராது. கழற்றும் முன் பழைய எண்ணைப் போட்டோ எடுத்து, வேலை பார்த்த பில்லில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எண்ணைக் குறைத்துக் காட்டி வண்டியை விற்றால் அது மோசடிக் குற்றம். நான் அந்த வேலையை யார் கேட்டாலும் செய்வதில்லை.

தொண்டி_கரை:

நான் வேறொரு கம்பெனி டீசல் வண்டியில் இதைச் செய்து பார்த்து மூன்று நாள் வண்டி நின்றுபோனது. போலோ மாதிரி சில வண்டிகளில், சரியான சாவி இல்லாமல் இன்ஜினை ஓடவிடாத இம்மொபிலைசர் மீட்டருக்குள்ளேயே இருக்கும், என்னுடையதும் அப்படித்தான் என்று மாட்டியபிறகுதான் தெரிந்தது. சாவி போட்டதும் ஸ்டார்ட் ஆகும், ஒரு நொடியில் அணைந்துவிடும். திரும்பப் பழைய மீட்டரை மாட்டிய பிறகுதான் ஓடியது. அதனால் பழையதைத் தூக்கி எறியாதீர்கள்.

தங்கச்சிமடம்_டாக்ஸி:

மண்டபம் அண்ணே, நீங்கள் சொன்னபடி நேற்றுச் சாயங்காலம் பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு மீட்டரை வெளியே எடுத்தேன். கப்ளரை உருவியதும் நகக்கண்ணில் பச்சையாக மாவுபோல் ஒட்டியது. ஓரத்துப் பின் ரெண்டில் மட்டும் களிம்பு ஏறி, ஒன்று நூல் மாதிரி மெலிந்திருந்தது. மற்றதெல்லாம் பளபளவென்றுதான் இருக்கிறது. பழைய டூத்பிரஷ்ஷில் ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் தொட்டுத் தேய்த்து, நன்றாகக் காயவிட்டு மாட்டினேன். இன்று காலை பாலத்தில் போகவும் வரவும் ஓட்டிவிட்டேன், முள் ஒருமுறைகூட விழவில்லை. ஆனால் அந்த மெலிந்த பின் பயமாக இருக்கிறது.

மண்டபம்_வயரிங்:

பயப்பட வேண்டியதுதான், அது எர்த்துப் பின்னாக இருந்தால் சீக்கிரமே விட்டுப்போகும். வயர் பக்கத்தில் புது டெர்மினல் போட்டு, போர்டு பக்கப் பின்னுக்குச் சால்டர் வைத்துவிடலாம், ஒரு மணி நேர வேலை. மாட்டும்போது கப்ளருக்குள் டைஎலெக்ட்ரிக் கிரீஸ் கொஞ்சம் தடவுங்கள், உப்பு அண்டாது. மாட்டியதும் சாவியை ஆன் செய்து, ஏர்பேக், ஏபிஎஸ் இருந்தால் அந்த விளக்கு எரிந்து அணைகிறதா, ஆயில், பேட்டரி விளக்குகள் எரிந்து, இன்ஜினை ஸ்டார்ட் செய்ததும் அணைகிறதா என்று பாருங்கள். அப்புறம் போனில் ஜிபிஎஸ் வேகத்தை வைத்து நேர் ரோட்டில் ஒருமுறை ஒத்துப்பாருங்கள், மீட்டர் நாலைந்து கூடக் காட்டினால் அது வழக்கம்தான், குறைத்துக் காட்டக் கூடாது.

கீழக்கரை_ஏஎம்டி:

காக்கா, எனக்கு இதற்கு நேர்மாறான கேள்வி. என்னுடையது ஏஎம்டி, மீட்டரில் கண்ணாடி உடைந்துவிட்டது. மேனுவல் மீட்டர் மலிவாகக் கிடைக்கிறது, மாட்டலாமா?

மண்டபம்_வயரிங்:

வேண்டாம் தம்பி. ஏஎம்டியில் பார்க்கிங் என்று தனி கியர் கிடையாது, N-ல் இருக்கிறதா D-ல் இருக்கிறதா என்று கண்ணால் பார்க்கிற இடமே அந்த மீட்டர்தான். லிவர் N-ல் இருந்தாலும் உள்ளே கியர் மாறியதா என்று அந்த எழுத்துதான் சொல்லும். கியர்பாக்ஸில் கோளாறு வந்தால் எரிய வேண்டிய விளக்கும் மேனுவல் மீட்டரில் இருக்காது. உடைந்தது கண்ணாடி மட்டும் என்றால், அந்த மேனுவல் மீட்டரின் முன் மூடி உங்களுடையதில் பொருந்துகிறதா என்று வைத்துப்பாருங்கள், பொருந்தினால் மூடியை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். போர்டைத் தொட வேண்டாம்.