ஜப்பானுக்கு ஆறு மாசம் போறேன், தமிழ் எழுத்துல எழுதி வச்சுப் படிச்சா மொழி வருமா?

வேலந்தாவளம்: ஊர் பாலக்காட்டுல கொழிஞ்சாம்பாறைப் பக்கம். பத்தாவது வரை தமிழ் மீடியம், மலையாளம் எழுதப் படிக்கத் தெரியும். அக்டோபர்ல ஃபுகுவோகாவுக்கு ஆறு மாச எக்ஸ்சேஞ்ச். பாடம் இங்கிலீஷ்லதான். கடை, ஆபீஸ், ஹாஸ்டல் எல்லாம் ஜப்பானியம்னு சொல்றாங்க. வார்த்தைகளைத் தமிழ்ல எழுதி மனப்பாடம் பண்றேன், ஆனா ஆடியோ கேட்டா ஒண்ணும் பிடிபடலை. முட்டை சாப்பிடுவேன், மீன் கிடையாது. போன உடனே என்னென்ன பண்ணணும்?

சோகநாசினி: பிடிபடாததுக்குக் காரணம் உங்க நோட்டுதான். சீமைப் பனிச்சைப் பழம் (பெர்சிமன்), சாவி, வாண்டுப் பயல் (திட்டு வார்த்தை) இந்த மூணும் ஜப்பானியத்துல மூணு வேற வார்த்தை. தமிழ்ல எழுதினா மூணுமே "ககி". "கல்"லுல வர்ற க, "கங்கை"ல முதல்ல வர்ற க ரெண்டுக்கும் நம்ம கிட்ட ஒரே எழுத்து. அதே மூணையும் மலையாளத்துல எழுதிப் பாருங்க, மூணும் தனித்தனியா நிக்கும். அதனால முதல் ரெண்டு வாரம் மலையாள எழுத்து, அதுக்குள்ள ஹிராகனா (ஜப்பானியத்தோட அடிப்படை எழுத்து) 46 எழுத்தும் வந்துடணும், அப்புறம் எந்த ஊன்றுகோலும் வேண்டாம். அ, இ, உ, எ, ஒ, அப்புறம் க வரிசைன்னு நம்ம நெடுங்கணக்கு மாதிரியேதான் அடுக்கியிருக்கும். அந்த வரிசை சமஸ்கிருத எழுத்து முறையிலிருந்து போனது.

குறில் நெடில்ல மட்டும் தமிழ் காது நல்லாவே உதவும். ஒபசன்னா அத்தை, ஒபாசன்னா பாட்டி. நடுவயசுக்காரங்களைப் பாட்டின்னு கூப்பிட்டுடாதீங்க.

இலக்கணத்துல பாதி வேலை ஏற்கனவே முடிஞ்சுது. வினை கடைசியில. "சாப்பிட்டுப் பார்" அப்படியே "தபெதெ மிரு", மிருன்னா பார்க்கிறது. "வாங்கி வை"ன்னா "கத்தெ ஒகு", ஒகுன்னா வைக்கிறது. "என்று"க்கு "தொ". "நேத்து வாங்கின புக்"னு பெயருக்கு முன்னாடி சேர்க்கிறதும் அதே மாதிரி. மலையாளத்துல ஞான் போயி, அவன் போயின்னு விகுதி மாறாதே, ஜப்பானியமும் அப்படித்தான்.

சறுக்குறது "-ல"லதான். "லைப்ரரில இருக்கேன்"னா "நி". "லைப்ரரில படிக்கிறேன்"னா "தெ", தெய்வத்துல வர்ற தெ. இருப்புக்கு ஒண்ணு, செயலுக்கு ஒண்ணு. "பஸ்ல போனேன்"க்கும் அந்த தெய்வத் தெதான். நமக்கு எல்லாமே "-ல"ங்கிறதால பரீட்சையில மார்க் போறது இங்கதான்.

கல்பாத்தித் தெரு: ஆபீஸ் வேலை: ஏர்போர்ட்டிலேயே ரெசிடன்ஸ் கார்டு கையில கொடுப்பாங்க. பார்ட் டைம் வேலை அனுமதிக்கும் அங்கேயே விண்ணப்பம் கொடுத்துடலாம் (வாரம் 28 மணி நேரம்தான், மீறினா விசாவுக்கே ஆபத்து). வீட்டுக்குப் போய் 14 நாளைக்குள்ள வார்டு ஆபீஸ்ல முகவரி பதிவு பண்ணணும். அதே நாள்லேயே தேசிய ஹெல்த் இன்சூரன்ஸ்ல சேருங்க. 20 வயசு ஆயிருந்தா பென்ஷன்லயும் சேரணும், கூடவே கட்டண விலக்கு ஃபார்ம் கேட்டு வாங்குங்க. கேட்காம விட்டா பென்ஷன் பில் வீட்டுக்கு வரும்.

சாப்பாட்டுல மீன் கண்ணுக்குத் தெரியாம இருக்கும். மிசோ (சோயா விழுது) சூப், காய்கறி உதோன் (கோதுமை நூடுல்ஸ்) எல்லாத்துக்கும் அடி நீர் "தாஷி". அதுல போடுற கட்சுவோபுஷி நம்ம மாசிக்கருவாட்டோட சொந்தக்காரன், ரெண்டும் சூரை மீன்தான். "காய்கறி மட்டும்"னு கேட்டா தலையாட்டிட்டு அதையே ஊத்துவாங்க. அவங்களுக்கு அது மீன் கணக்குலயே வராது. "கட்சுவோ ஹைத்தெ இமாசு கா?" (சூரை இருக்கா?) ன்னு பேர் சொல்லிக் கேளுங்க.

மிக்ஸி வேண்டாம். அங்க 100 வோல்ட், நம்ம 230 வோல்ட் மிக்ஸி முனகும், அரைக்காது. சாம்பார் பொடி, ரசப் பொடி போதும். பச்சைக் கறிவேப்பிலையைப் பெட்டியில வைக்காதீங்க, தாவரச் சோதனையில எடுத்துடுவாங்க.

குப்பையைக் காலைல 8 மணிக்குள்ள வைக்கணும், முந்தின ராத்திரி வைக்கக் கூடாது.

எருத்தேம்பதி: கல்பாத்தி சார், கடைசி வரி மத்த ஊருக்குச் சரி. ஃபுகுவோகா நகரத்துல தலைகீழ்: பொழுது சாய்ஞ்சதுக்கு அப்புறம், ராத்திரி 12 மணிக்குள்ள வைக்கணும், வண்டி நடு ராத்திரிதான் வரும். நகராட்சியோட பை கடையில விக்கும், அதுல கட்டினாத்தான் எடுப்பாங்க. எரியுற குப்பை வாரம் ரெண்டு தடவை. பிளாஸ்டிக் (PET) பாட்டில் மாசம் ஒரு தடவைதான், அந்த ராத்திரியைத் தவற விட்டா அடுத்த மாசம் வரை பாட்டிலோட குடித்தனம். மூடியும் லேபிளும் கழட்டி, அலசி, நசுக்கி வையுங்க.

வேலந்தாவளம்: நன்றி. "கொடு"ங்கிறதுக்கு புக்ல ரெண்டு வார்த்தை இருக்கு, குரேரு, அகேரு. எது எங்க?

சோகநாசினி: மலையாளத்துல "எனிக்கு தந்நு", "அவனு கொடுத்து"ன்னு பிரிக்கிறோமே, அதே பிரிவுதான். எனக்கோ என் ஆளுங்களுக்கோ வந்தா குரேரு, மத்தவங்களுக்குப் போனா அகேரு. ஒரே வித்தியாசம்: மலையாளத்துல "நினக்கு தராம்"னு உனக்கும் தரு வரும், ஜப்பானியத்துல உனக்குக் கொடுத்தா அகேரு. ஆசிரியர்கிட்ட இந்த அகேருவைச் சொல்லாதீங்க, ஏதோ உபகாரம் பண்ற மாதிரி ஒலிக்கும். அதே மாதிரி "நீங்க"ன்னு நினைச்சு "அனதா"ன்னும் கூப்பிடாதீங்க, "சென்செய்" (ஆசிரியர்) போதும்.