எதிரணியின் அரங்கில் கிடைத்த வெற்றி: உங்கள் நினைவில் நிற்பது எது?

உப்புவெளி வாசகன்:
எதிரணியின் சொந்த அரங்கிலேயே வென்ற கூடைப்பந்தாட்டங்களில், உங்கள் மனதை விட்டு இன்றும் அகலாதது எது? திருகோணமலையில் இதைக் கேட்க எனக்கு வேறு ஆளில்லை.

நிலாவெளியான்:
ஐயமே இல்லை, அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வின் 2016 இறுதித் தொடரில், கிண்ணத்தைத் தீர்மானித்த ஏழாவது ஆட்டம்தான். கோல்டன் ஸ்டேட் அணியின் சொந்த அரங்கு இருந்த ஓக்லாந்தில் ஞாயிறு மாலை, நமக்குத் திங்கள் விடியற்காலை. நோன்பு மாதமாகையால் சஹர் உணவை முடித்துக்கொண்டு வந்த நண்பனும் நானும், தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்த ஒரே கைப்பேசியில் பார்த்தோம். தொடரில் 1-3 எனப் பின்தங்கியிருந்த கிளீவ்லாந்து, வழமைப் பருவத்தில் 73 ஆட்டங்களை வென்றிருந்த கோல்டன் ஸ்டேட்டை 93-89 என வீழ்த்தியது. 89-89 என்ற சமநிலையில், கோல்டன் ஸ்டேட்டின் இகுவோடலா கூடையில் இட முயன்ற பந்தைக் கிளீவ்லாந்தின் லெப்ரோன் பின்னாலிருந்து பாய்ந்து வந்து பலகையோடு அறைந்த அந்தக் கணத்தில்தான் எங்கள் படம் உறைந்து நின்றது! செம்பைத் தட்டிவிட்டவன் நண்பன்தான் என்று இன்றும் சொல்வேன்.

துறைமுகத்தான்:
அண்ணா, அந்தத் தடுப்பைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள். மூன்று நிமிடங்களுக்கு மேலாக எவரும் புள்ளி பெறாதிருந்த நிலையில், 53 வினாடிகள் எஞ்சியிருக்க, கோல்டன் ஸ்டேட்டின் ஸ்டீபன் கரியின் கைக்கு மேலாகக் கிளீவ்லாந்தின் கைரி எர்விங் எறிந்த மூன்று புள்ளிப் பந்தே ஆட்டத்தை முடித்தது என்பது என் கணிப்பு.

நிலாவெளியான்:
ஒப்புக்கொள்கிறேன் தம்பி, ஆனால் அந்தத் தடுப்பு இல்லையேல் எர்விங் எறியும்போது கிளீவ்லாந்து இரண்டு புள்ளி பின்தங்கியிருந்திருக்கும்.