ஒழுங்கு விசாரணைக் குழுவுக்கு ஒரு நாள் பயிற்சி: எதை வைக்கலாம்?

கேள்வி: எங்கள் பல்கலைக்கழக விசாரணைக் குழுவுக்குப் புதிதாக ஆறு பேராசிரியர்களும் இரண்டு வார்டன்களும் வந்திருக்கிறார்கள். யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதிகளை வாசித்துக் காட்டுவதைத் தவிர என்ன பயிற்சி கொடுக்கலாம்?

பதில் 1: விதிகளுக்கு ஒரு மணி நேரம் போதும். ஆனால் கெடுக்கள் மனப்பாடமாக வேண்டும். 2009 ராகிங் விதிகளின்படி, குற்றத்துக்கு முகாந்திரம் இருந்தால் தகவல் வந்த 24 மணி நேரத்துக்குள் எஃப்ஐஆருக்கு ஏற்பாடு செய்தாக வேண்டும். "முதல்ல நாம விசாரிச்சுடுவோம்" என்று தள்ளிப்போட இடமே இல்லை. பாலியல் புகாரை உங்கள் குழு தொடக்கூடாது. அது பாலியல் துன்புறுத்தல் பற்றிய யுஜிசியின் 2015 விதிகளின் கீழ் உள்ளகப் புகார்க் குழுவுக்குப் போக வேண்டும்.

பதில் 2: மதியம் முழுக்க, மாணவனிடம் விளக்கம் கேட்கும் நோட்டீஸ் எழுத வையுங்கள், சார். பல உத்தரவுகள் கோர்ட்டில் அடிபடுவது அங்கேதான். "விடுதியில் ஒழுங்கீனமாக நடந்துகொண்டீர், விளக்கம் தரவும்" என்று ஒரு மோசமான நோட்டீஸைக் கொடுத்து, திருத்தச் சொல்லுங்கள். தேதி, நேரம், இடம், செய்த செயல், மீறிய விதி எண், ஆதாரப் பட்டியல், பதில் தர அவகாசம் எல்லாம் வர வேண்டும். பிறகு மாதிரி விசாரணை. "நீதானே அடிச்சே?" என்று கேட்பவரை அங்கேயே நிறுத்தி, "அப்போது என்ன நடந்தது?" என்று கேட்கப் பழக்குங்கள். மாணவனைப் பிடித்த வார்டன் சாட்சிதான், அந்த வழக்கில் குழுவில் உட்காரக்கூடாது.

பதில் 3: மேலே சொன்னதோடு ஒன்று. விசாரணைக்கு முன்பே மன்னிப்புக் கடிதம் எழுதி வாங்கும் பழக்கத்தை முதலில் ஒழியுங்கள். மிரட்டி வாங்கினார்கள் என்று மாணவன் சொன்னால் மொத்த வழக்கும் ஆட்டம் காணும், அந்தப் பிள்ளைக்கும் அது அநியாயம்.