பெட்ரோல் டேங்கில் ஊற்றும் கார்பன் கிளீனர்: உங்கள் வண்டிக்குப் பலன் தந்ததா?

கோவை, பழைய பெட்ரோல் ஹேட்ச்பேக்

ஒரு லட்சம் கிலோமீட்டர் தாண்டிய வண்டி. ஓட்டம் முழுக்க ஊருக்குள்தான். சிக்னலில் ஏசி போட்டு நின்றால் ஸ்டியரிங் நடுங்கும், பிக்கப் மந்தம். ஒரு சர்வீஸ் சென்டரில் கேட்காமலே ‘கார்பன் கிளீனிங்’ என்று எஸ்டிமேட்டில் எழுதிவிட்டார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, வழக்கமாகப் பார்க்கும் மெக்கானிக் அண்ணனிடம் போனேன். "முதல்ல ஒரு பாட்டில் ஊத்திப் பாருங்க. லேபிள்ல பாலிஈதர் அமீன்னு போட்டிருக்கணும், இல்லைன்னா காசு வேஸ்ட்" என்றார். சூட்டில் இறுகிப்போன கார்பனைக் கரைப்பதில் அந்தச் சரக்குதான் கெட்டி. விலை மலிவான பாட்டில்கள் பலவற்றில் மண்ணெண்ணெய் மாதிரி ஏதோ ஒன்றுதான் அதிகம்.

டேங்க் காலியாகும் நேரம் பார்த்து, முதலில் பாட்டில், அதன் மேல் ஃபுல் டேங்க். அப்போதுதான் நன்றாகக் கலக்கும். அப்புறம் சேலம் ரோட்டில் ஒரு நீண்ட ஓட்டம். டேங்க் பாதி இறங்கும்போது நடுக்கம் அடங்கியிருந்தது. மைலேஜ் 13லிருந்து 14 ஆனது. ஆனால் அதே வாரம் ஏர் ஃபில்டரும் மாற்றினேன், டயருக்குக் காற்றும் பிடித்தேன். எதற்கு எவ்வளவு பங்கு என்று பிரிக்க முடியாது.

சென்னை, டர்போ பெட்ரோல்

அண்ணா, உங்களுடையது போர்ட் இன்ஜெக்‌ஷன், அதனால் வேலை செய்தது. அதில் பெட்ரோல், காற்றை உள்ளே விடும் இன்டேக் வால்வின் முதுகில் பட்டு உள்ளே போகும். கிளீனரும் கூடவே கழுவும். என்னுடையது டைரக்ட் இன்ஜெக்‌ஷன், பெட்ரோல் நேரே சிலிண்டருக்குள் பாய்கிறது. வால்வின் முதுகில் ஆயில் ஆவி படிந்து கரியாகிறது, அங்கே பாட்டில் எட்டவே எட்டாது. இன்ஜெக்டர் நுனி சுத்தமாகியிருக்கலாம், ஓட்டத்தில் எனக்கு வித்தியாசமே தெரியவில்லை. கடைசியில் இன்ஜினுக்குக் காற்று போகும் குழாயான மேனிஃபோல்டைக் கழற்றி, வால்நட் ஓட்டுத் தூளைக் காற்றில் பீய்ச்சித்தான் எடுத்தார்கள்.

மதுரை

மைலேஜ் குறைந்துவிட்டது என்று பாட்டில் தேடுபவர்கள் இ20யையும், அதாவது 20% எத்தனால் கலந்த பெட்ரோலையும், கணக்கில் எடுங்கள். எத்தனாலில் லிட்டருக்குக் கிடைக்கும் எரிசக்தி பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. 20% கலந்தால் எரிபொருளின் சக்தியே 6, 7% போய்விடும். சுத்தப் பெட்ரோலில் 15 கொடுக்கும் வண்டி 14 கொடுப்பது கரியால் அல்ல, அதை எந்தக் கிளீனரும் திருப்பித் தராது.

பெட்ரோல் பங்கில் ஒரு பையன் லிட்டருக்கு 5 கிலோமீட்டர் கூடும் என்று என்னிடம் விற்கப் பார்த்தான். அப்படி இருந்தால் கார் கம்பெனிக்காரன் விட்டுவைப்பானா? 35 லிட்டர் டேங்க், லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால் 3,500 ரூபாய். 7% மிச்சமானாலும் 245 ரூபாய்தான். பாட்டில் 500 என்றால் அந்த டேங்கிலேயே கணக்கு நேராகாது. நடுக்கம், மிஸ்ஸிங் இருந்தால் ஊற்றலாம், முதலில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்துவிட்டு.

கோவை, மறுபடியும்

சரிதான். ஒன்று விட்டுப்போனது: ஆயில் சேஞ்ச் வரும் சமயத்தில் ஊற்றுங்கள், கழுவியதில் கொஞ்சம் ஆயிலிலும் இறங்கும். டீசல் வண்டிக்காரர்கள் இதை ஊற்ற வேண்டாம், அதற்குத் தனி பாட்டில் இருக்கிறது.