புதுப்பிப்பு: கல்லூரியில் ஐந்து வாரம் ஆகிவிட்டது

முதல் வாரத்தில் இங்கே எழுதியிருந்தேன். அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்து, அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் பொறியியல் சேர்ந்திருக்கிறேன், வகுப்பில் ஒன்றுமே புரியவில்லை, ஊருக்கே திரும்பிவிடலாமா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. நான் திரும்பவில்லை.

ஒரு அக்கா சொன்ன யோசனைதான் கைகொடுத்தது. பன்னிரண்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தின் தமிழ்ப் பதிப்பையும் ஆங்கிலப் பதிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். இரண்டும் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. சார் ‘மேட்ரிக்ஸ்’ என்றது நம் அணிதான், ‘டிடர்மினன்ட்’ அணிக்கோவை, ‘இன்வர்ஸ்’ நேர்மாறு. பன்னிரண்டாம் வகுப்பின் முதல் பாடமே அதுதானே! எனக்குக் கணக்கு வராமல் இல்லை, பெயர்கள்தான் தெரியவில்லை. அன்று இரவு விடுதியில் நிம்மதியாகத் தூங்கினேன்.

பைத்தான் என்ற கணினி மொழிக்கான லேப் இன்னும் பயமாகத்தான் இருக்கிறது. தட்டச்சே மெதுவாக வருகிறது. அறைத்தோழி மாலையில் தன் லேப்டாப்பைத் தருகிறாள். முதல் செமஸ்டரில் ‘தமிழர் மரபு’ என்று ஒரு பாடம் உண்டு. அவளுக்குத் தமிழ் வாசிக்கத் திணறல், அதனால் அதை நான் படித்துச் சொல்கிறேன்.

பணத்தைப் பற்றிக் கேட்டவர்களுக்கு: இந்த ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே ஏற்கிறது. தம்பி தங்கைகளுக்குத் தயவுசெய்து சொல்லுங்கள், எங்கள் ஊரில் பலருக்கு இது தெரியாது.

சரி, திங்கட்கிழமை முதல் இன்டர்னல் தேர்வு. முடிந்ததும் எழுதுகிறேன்.